எந்த நாட்டில் படிப்பது என்பதற்கு முன், யார் காசில்?

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்திருந்த அக்கா மகள், எதிர்சேவை பார்த்துவிட்டு வந்த இரவு லேப்டாப்பைத் திறந்து ஒரு எக்செல் பட்டியலைக் காட்டினாள். மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. லண்டனில் ஓராண்டு, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பாதிக் கட்டணச் சலுகையோடு இரண்டாண்டு, பெங்களூரில் இரண்டாண்டு. மூன்றுமே பன்னாட்டுக் கொள்கை, வளர்ச்சி, பொதுக்கொள்கை என்ற சொற்களை ஏதோ ஒரு வரிசையில் அடுக்கிப் பெயர் வைத்த முதுகலைப் படிப்புகள். பதினோரு தலைப்புகளில் ஒப்பிட்டிருந்தாள். தரவரிசை, கட்டணம், காலம், வாடகை, குளிர்காலத்தில் எத்தனை டிகிரி என்பதுகூட இருந்தது. மாதத் தவணை எவ்வளவு வரும் என்பது மட்டும் இல்லை.

"அதெல்லாம் வேலை கிடைச்சப்புறம் பாத்துக்கலாம் மாமா" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பவுண்டு எழுபத்தைந்து ரூபாய் சொச்சம் இருந்த காலத்தில் கடன் வாங்கி இங்கிலாந்தில் ஓராண்டு, வறுமையையும் முன்னேற்றத்தையும் பற்றிய வளர்ச்சியியல் படித்தேன். ஊருக்குத் திரும்பி கிராமங்களில் வேலை செய்ய வேண்டும் என்பது திட்டம். திரும்பினேன், ஆனால் மதுரைக்கு அல்ல. தவணை கட்டுகிற அளவுக்குச் சம்பளம் கொடுத்தது டெல்லியில் ஓர் ஆலோசனை நிறுவனம்தான். நான்கு வருடம் அங்கே உட்கார்ந்து, நான் பார்த்திராத மாவட்டங்களைப் பற்றி அறிக்கை எழுதினேன். கடைசித் தவணை கட்டிய மாதம்தான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். வளர்ச்சித் துறையில் வேலை செய்யப் படித்த படிப்புக்கு வாங்கிய கடனே, நான்கு வருடம் என்னை அந்த வேலையிலிருந்து தள்ளி வைத்திருந்தது. அதனால் என் ஒப்பீடு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில், ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் விற்கப்படுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று கணக்குப் படிப்பு. ஹார்வர்ட் கென்னடி பள்ளியின் 'பன்னாட்டு வளர்ச்சிக்கான பொது நிர்வாக முதுகலை' இதற்கு உச்சமான உதாரணம். நுண்பொருளியல், பேரியல் பொருளியல், பல மாறிகளைக் கையாளும் கால்குலஸ் மூன்றையும் பல்கலைக்கழக அளவில் படித்திருக்காவிட்டால் சேர முடியாது. உள்ளே போனதும் முதல் வருடம் பெரும்பாலும் பொருளியலும் புள்ளியியலும்தான். உலக வங்கி, நிதியமைச்சகம், மத்திய வங்கி போகிறவர்களுக்கான பயிற்சி அது. வறுமையைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போய், கால்குலஸ் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டித் திணறியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று வாசிப்புப் படிப்பு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்த வளர்ச்சியியல் கழகம், லண்டனில் சோயாஸ், ஹேக் நகரில் சமூக ஆய்வுகளுக்கான பன்னாட்டுக் கழகம், நம் ஊரில் டிஸ் எனப்படும் டாடா சமூக அறிவியல் கழகம் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கம். வரலாறு, அரசியல், மானுடவியல், நிலவுடைமை, சாதி, பாலினம் என்று போகும். வாரத்துக்கு முந்நூறு பக்கம் வாசிக்க வேண்டும், கட்டுரை எழுத வேண்டும். கணக்கு எட்டிப் பார்க்கும், உட்காராது.

இந்த இரண்டாவது வகையில் நமக்கு ஒரு விசித்திரமான அனுபவம் காத்திருக்கிறது. சசெக்ஸில் பல ஆண்டு பணியாற்றி, ஊர்மக்களே தங்கள் நிலைமையை வரைபடமாக வரைந்து ஆராயும் முறையை உலகெங்கும் பரப்பிய ராபர்ட் சேம்பர்ஸ், 1970-களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் நெல் சாகுபடி ஆய்வுக்காக அலைந்தவர். அதே ஆய்வுக் குழுவில் இருந்த ஜான் ஹாரிஸ் பின்னர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் வளர்ச்சியியல் சொல்லிக்கொடுத்தார். அதற்கும் முன்னால், 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை அனுப்பிக் கணக்கெடுத்த ஊர்களில் விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டும் ஒன்று. நூறு வருடத்தில் அந்த ஊரைத் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்துவிட்டார்கள். 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் பாடங்களில் வரும். ஆக, லட்சக்கணக்கில் செலவழித்துக் கடல் கடந்து போனால், அங்கே வகுப்பில் நம் பக்கத்து ஊரைத்தான் பாடமாக எடுக்கிறார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. தூரத்திலிருந்து பார்க்கும்போது நம் ஊரே வேறு மாதிரி தெரியும், அது ஒரு லாபம்தான். ஆனால் அந்த லாபத்துக்கு முப்பது லட்சம் விலையா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அக்கா மகள் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒன்றரை வருடமாகச் சுயஉதவிக் குழுக்களோடு வேலை. கூட்டத்தில் யார் பேசவில்லை என்பதைக் கவனிக்கிற கண் அவளுக்கு. புள்ளியியல் என்றால் முகம் சுளிக்கும். ஆனால் அவள் எடுத்து வைத்திருந்த அமெரிக்கப் படிப்பில் முதல் இரண்டு பருவமும் கணக்குதான். பெயரைப் பார்த்தாளே தவிர பாடத்திட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை. பெரும்பாலோர் பார்ப்பதில்லை. எங்கே விண்ணப்பித்தாலும் கட்டாயப் பாடங்களின் பட்டியலை மட்டுமாவது ஒருமுறை வாசித்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். நம்மில் நிறையப் பேர் அங்கே போகிறார்கள்.

அதன் பெரிய கவர்ச்சி, ஒரே வருடத்தில் முடிந்துவிடும் என்பது. பெரிய ஏமாற்றமும் அதுவே. செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும். மார்ச் மாதத்தோடு பாடம் கிட்டத்தட்ட முடிந்துவிடும். மே, ஜூனில் தேர்வு. அப்புறம் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் வரை தனியாக உட்கார்ந்து ஆய்வேடு எழுத வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிற வாரங்கள் இருபது, இருபத்திரண்டுதான். நான் முதல் கட்டுரைக்கு மதிப்பெண் வாங்குவதற்கு முன்பே, உடன் படித்தவர்கள் வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்திருந்தார்கள். களப்பணிக்கு நேரமே இருக்காது. இருந்தாலும் காசு இருக்காது. விதிவிலக்கு ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாண்டு எம்ஃபில் வளர்ச்சியியல் படிப்பு. நடுவில் வருகிற கோடையில் களத்துக்குப் போய்வந்து ஆய்வேடு எழுதலாம். இரண்டு வருடச் செலவை யாராவது ஏற்றுக்கொண்டால் இங்கிலாந்தில் இதற்கு இணையானது இல்லை என்பது என் எண்ணம்.

செலவைப் பார்ப்போம். லண்டனுக்கு வெளியே கட்டணம் 20,000 பவுண்டுக்கு மேல், லண்டனில் 25,000 முதல் 30,000 பவுண்டு அளவில் போகும். விசாவுக்காக லண்டன் வாழ்க்கைச் செலவென்று மாதம் சுமார் 1,500 பவுண்டு வீதம் ஒன்பது மாதப் பணத்தை 28 நாள் வங்கியில் அசையாமல் வைத்துக் காட்ட வேண்டும். மருத்துவச் சேவைக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. கூட்டிக் கழித்தால் லண்டனில் ஒரு வருடம் நாற்பத்தைந்து லட்சத்தைத் தாண்டும். படித்து முடித்தபின் வேலை தேடத் தருகிற இரண்டு வருட விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. கணவனையோ மனைவியையோ குழந்தையையோ கூட அழைத்துப் போகும் வசதி, வகுப்பறை முதுகலை மாணவர்களுக்கு 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது.

அந்தப் பதினெட்டு மாதத்தில் கிடைக்கிற வேலை எது என்பதுதான் அடுத்த கேள்வி. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்கி வந்தது. 2021-இல் அது 0.5 ஆனது. 2027-க்குள் 0.3 ஆகும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டார்கள். லண்டனில் இருக்கிற தொண்டு நிறுவனங்களின் வேலைகள் இந்தப் பணத்தை நம்பியவை. ஆள் குறைக்கிற நிறுவனம் விசாவுக்கும் பணம் கட்டி வெளிநாட்டுக்காரரை எடுக்கும் என்று நம்பிக் கடன் வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடம் என்பதால் படிப்பு ஆழமாக இருக்கும். நடுவில் கோடைக்காலப் பயிற்சி வேலை கிடைக்கும், அதன் வழியாகத்தான் பலருக்கு வேலையும் கிடைக்கிறது. வாஷிங்டனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் சைஸ், ஜார்ஜ்டவுன் போன்ற இடங்களில் படித்தால் உலக வங்கிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் பெரிய பெயர்களில் இரண்டு வருடமும் முழுச் செலவென்றால் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும். அவளுக்குக் கிடைத்த பாதிச் சலுகை கட்டணத்தில் மட்டும் பாதி. சாப்பாட்டிலும் வாடகையிலும் பாதி தர மாட்டார்கள். இதற்கு நேர்மாறாக பிரின்ஸ்டனின் பொது நிர்வாக முதுகலையில் ஏறத்தாழ எல்லோருக்கும் முழுக் கட்டணத்தையும் பல்கலைக்கழகமே ஏற்கிறது, வாழ்க்கைச் செலவுக்கும் தருகிறது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆனாலும் விண்ணப்பிக்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

வேலைச் சந்தை அங்கேயும் சரிந்திருக்கிறது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தார்கள். ஜூலை 1-ஆம் தேதியோடு யுஎஸ்எய்டு என்ற அமைப்பே மூடப்பட்டு, மிச்சம் மீதி வெளியுறவுத் துறைக்குள் போனது. அதை நம்பி இயங்கிய வாஷிங்டன் ஒப்பந்த நிறுவனங்களில் இருந்த அனுபவசாலிகள் ஆயிரக்கணக்கில் வேலை தேடி அலைகிறார்கள். புதிதாகப் படித்து வருகிறவர் அவர்களோடு போட்டியிட வேண்டும். குலுக்கல் முறையில் தருகிற எச்-1பி வேலை விசாவில் புது விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்து, அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து விசா மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் சொன்னார்கள். அடுத்து என்ன சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? உலக வங்கியிலும் ஐ.நா.விலும் நேரடியாக வேலை கிடைத்தால் அதற்குத் தனி விசா உண்டு, இந்தக் குலுக்கல் தொல்லை இல்லை. ஆனால் அந்த வேலை கிடைப்பதே ஒரு குலுக்கல்தான்.

நம் ஊரில் கொஞ்சமும் பேசப்படாத வழி ஐரோப்பாவில் இருக்கிறது. எராஸ்மஸ் முண்டஸ்.

இது ஐரோப்பிய ஒன்றியம் தருகிற கூட்டு முதுகலை. ஒரே படிப்பை இரண்டு மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும். உதாரணத்துக்கு குளோடெப் என்ற வளர்ச்சியியல் படிப்பு: செக் குடியரசின் ஒலோமோட்ஸ், பிரான்சின் கிளேர்மோன்-ஃபெரான், இத்தாலியின் பாவியா என்று மூன்று ஊரில் படித்து முடிக்க வேண்டும். பொதுக்கொள்கையில் முண்டஸ் மேப் என்று ஒன்று இருக்கிறது. உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கையில், இரண்டு வருடம் வரை. படித்து முடித்தால் நாடு திரும்பியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இந்தியர், இலங்கையர் இரு தரப்பும் விண்ணப்பிக்கலாம். குறையும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூட்டை கட்ட வேண்டும், ஒவ்வொரு நாட்டிலும் வாடகை ஒப்பந்தம், குடியிருப்பு அனுமதி என்று வரிசையில் நிற்க வேண்டும். எந்த ஊரிலும் வேர் பிடிக்காததால் அங்கேயே வேலை தேடுவதும் சிரமம். மூன்று நாடு சுற்றிய பெருமையைத் தவிர, உறவுக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு 'பெரிய பெயர்' இருக்காது. ஒலோமோட்ஸ் என்றால் எந்தச் சம்பந்தி மதிப்பார்? ஆனால் கடனில்லாமல் திரும்பி வருவாள். என் தராசில் அதற்கே எடை அதிகம்.

ஜெர்மனியின் டாட் அமைப்பு வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கென்றே தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும். இளங்கலை முடித்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்ற பொதுவிதியும் உண்டு. ஜெனீவாவில் 1927-இல் தொடங்கிய பட்டமேற்படிப்புக் கழகம் இருக்கிறது. ஐ.நா. அலுவலகங்களுக்கு நடுவே படிக்கலாம். கட்டணம் லண்டனைவிடக் குறைவு என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே ஜெனீவா வாடகை வந்து அந்த மகிழ்ச்சியைத் தின்றுவிடும்.

ஆசியாவிலும் வாய்ப்பு இல்லாமல் இல்லை. டோக்கியோவின் கிரிப்ஸ், கொரியாவின் கேடிஐ பள்ளி இரண்டும் பெரும்பாலும் அரசு அதிகாரிகளைக் குறிவைத்து நடத்தப்படுபவை, உதவித்தொகை தாராளம். சிங்கப்பூரில் 2004-இல் தொடங்கிய லீ குவான் யூ பள்ளி நமக்குப் பக்கம். அரசு வேலையில் இருந்துகொண்டு படிக்க நினைப்பவர்கள் இவற்றை முதலில் பார்க்கலாம்.

இனி இந்தியா. எல்லோரும் கடைசியாக வைக்கிற பெயர், அதனாலேயே சரியாகப் பார்க்காத பெயர்.

1936-இல் தொடங்கிய டிஸ்ஸின் மும்பை வளாகம் இன்றும் இந்தத் துறையின் தாய்வீடு. என்னை வேலைக்கு எடுத்தவர்களில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள். பெங்களூரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் வளர்ச்சியியல் எம்ஏ இரண்டு வருடம். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், சிலருக்கு முழுவதுமாகவே தள்ளுபடி. சென்னை ஐஐடி 2006-இல் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்ஏ-வாகத் தொடங்கிய வளர்ச்சியியலை இப்போது கேட் (GATE) தேர்வு வழியாக இரண்டாண்டு எம்ஏ-வாக நடத்துகிறது. வெண்மைப் புரட்சி குரியன் குஜராத்தின் ஆனந்த் நகரில் 1979-இல் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கழகமான இர்மா, 2025-இல் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக மாறியிருக்கிறது. பால் கூட்டுறவு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று போக விரும்பினால் அதற்கு ஈடு வெளிநாட்டில் கிடையாது. நம் பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. ஊரக வளர்ச்சியை உட்கார்ந்து பேசாமல் நடந்து பார்த்துப் படிக்கிற இடம். விளம்பரம் செய்துகொள்ளத் தெரியாத இடமும்கூட.

இந்தியாவில் படித்தால் கிடைப்பது களம், மொழி, இங்கேயே உள்ள வேலைக்கான தொடர்புகள். 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று ஆனபிறகு, அந்தப் பணத்தைத் திட்டமிட்டுச் செலவழிக்க ஆள் தேவைப்படுகிறது. அதே நேரம், வெளிநாட்டு நிதியை நம்பியிருந்த சின்ன அமைப்புகள் 2020-இல் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் திருத்தப்பட்டபின் ஒடுங்கிவிட்டன. ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குத் தர முடியாது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. அலுவலகத்தில் இருப்பவர்களின் சம்பளம் இந்த நிர்வாகச் செலவில்தான் பெரும்பாலும் வருகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே படித்தால் கிடைக்காதது, பல நாட்டுக்காரர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து சண்டை போடுகிற அனுபவம். என் வகுப்பில் கானா, பெரு, நேபாளம் என்று பதினான்கு நாட்டுக்காரர்கள். தமிழ்நாட்டின் சத்துணவைப் பற்றி நான் பெருமையாகப் பேசியபோது, அந்தச் சமையலறையில் யார் சமைத்தால் யார் சாப்பிட மறுக்கிறார்கள் என்று ஒரு நேபாளப் பெண் கேட்டாள். அன்று நான் பதில் சொல்லத் திணறியதுதான் அந்த வருடத்தில் நான் கற்ற பெரிய பாடம். பெங்களூரிலும் யாராவது அதைக் கேட்டிருப்பார்கள் என்று அக்கா மகள் சொன்னாள். இருக்கலாம்.

"ஐ.நா.வில சேரணும்னா வெளிநாட்டுல படிச்சாத்தான?" என்று அக்கா கேட்டாள். இது எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி. ஐ.நா.வின் தொடக்க நிலைத் தொழில்முறைப் பதவிகளுக்கு முதுகலையும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். முதுகலை இல்லாவிட்டால் இளங்கலையோடு கூடுதலாக இரண்டு வருட அனுபவம் இருந்தாலும் பல அறிவிப்புகளில் ஏற்றுக்கொள்கிறார்கள். முதுகலை எந்த நாட்டில் என்று விதி கேட்பதில்லை. இளநிலை அலுவலர் பதவிகள் பெரும்பாலும் பணம் தருகிற நாடுகள் தங்கள் குடிமக்களுக்காக வாங்கி வைத்தவை; நமக்கு அதில் வழி குறுகல். இளம் வல்லுநர் தேர்வுக்கு 32 வயது வரம்பு, எந்த நாட்டுக்காரர் எழுதலாம் என்ற பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறும். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் பயிற்சி வேலைக்குச் சம்பளம் இல்லை. 2015-இல் ஜெனீவாவில் நியூசிலாந்துப் பையன் ஒருவன் வாடகை கட்டுப்படியாகாது என்று சொல்லி ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியபடி பயிற்சிக்குப் போன செய்தி உலகமெல்லாம் வந்தது. நம்மவர்களுக்கு நடைமுறையில் திறந்திருக்கும் கதவு, அந்தந்த நாட்டு அலுவலகங்களில் உள்நாட்டு அலுவலர் பதவி. சென்னையிலேயே யுனிசெஃப் அலுவலகம் இருக்கிறது. அங்கே தமிழும் மாவட்ட நிர்வாகமும் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. ஒலோமோட்ஸும் லண்டனும் அதற்குப் பிறகு.

அப்புறம், அவள் பட்டியலில் இல்லாத நான்காவது வழி: இந்த வருடம் எங்கேயும் போகாமலிருப்பது.

கேட்டதும் முகம் வாடிவிட்டது. ஆனால் இதைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது. டாட் இரண்டு வருடம். அமெரிக்காவில் படிக்கத் தருகிற ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகையும், ஜப்பானும் உலக வங்கியும் சேர்ந்து தருவதும் மூன்று வருடம் கேட்கின்றன. அவளிடம் இருப்பது ஒன்றரை வருடம். அதாவது, இன்னும் கொஞ்சம் வேலை செய்வது படிப்பைத் தள்ளிப்போடுவது ஆகாது, உதவித்தொகை வரிசையில் நிற்பது. செவனிங்கும் ஃபுல்பிரைட்டும் படித்தபின் சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்று கட்டிப்போடும். திரும்பி வரத்தான் போகிறோம் என்பவர்களுக்கு அது கட்டே இல்லை.

காத்திருக்கிற காலத்தில் கணக்கு பயத்தையும் போக்கிக்கொள்ளலாம். எம்ஐடி இணையத்தில் நடத்துகிற வளர்ச்சிக் கொள்கைக்கான மைக்ரோமாஸ்டர்ஸ் படிப்பில் ஐந்து பாடங்கள், கட்டணம் அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. நன்றாகச் செய்தவர்களில் சிலரை எம்ஐடி தன் வளாகத்து முதுகலைக்கே எடுக்கிறது. ஆய்வுப் பக்கம் போக விரும்பினால் ஜே-பால் தெற்காசியா போன்ற ஆய்வு அமைப்புகளில் கள ஆய்வு உதவியாளராகச் சேரலாம். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் இரண்டு வருடம் அரசுத் துறைக்குள்ளேயே வேலை செய்யலாம், கூடவே பொதுக்கொள்கையில் சான்றிதழும் உண்டு. கோப்பு எப்படி நகர்கிறது என்பதை எந்த வெளிநாட்டுப் பேராசிரியரும் அதைவிட நன்றாகச் சொல்லித்தர முடியாது.

பட்டியலினக் குடும்பங்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. வேறு சில பிரிவினரையும் சேர்த்து வருடம் 125 பேர், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், வயது 35-க்குள். ஆனால் 2022-இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுத் தலைப்புகளை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய் ஆராய அரசுப் பணம் கிடையாது என்பதே அதன் சாரம். வளர்ச்சியியல் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பை எழுதும்போதே இதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. அதையும் தனியாக விசாரியுங்கள்.

கடைசியாக அவள் எக்செல்லில் பன்னிரண்டாவது தலைப்பை நானே சேர்த்தேன். லண்டனுக்கு முப்பத்தைந்து லட்சம் கடன், மீதியை அக்கா வீட்டுக்காரர் சேமிப்பிலிருந்து தருவதாகப் பேச்சு. பத்தரை சதவீத வட்டி, பத்து வருடம். மாதம் சுமார் 47,000 ரூபாய். படிக்கிற காலத்தில் சேர்கிற வட்டியைச் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டும். இப்போது நான் வேலை செய்கிற அமைப்பில் முதுகலை முடித்து வருகிற ஒருவருக்கு நாங்கள் கொடுப்பது நாற்பதாயிரம். ஈடாக வைக்கப் போவது திண்டுக்கல் வீட்டுப் பத்திரம். அமெரிக்காவுக்கு அந்தக் கட்டத்தில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அக்கா வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

என் யோசனை பெங்களூர் என்பதாக இருந்தது. கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி, வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும். அவள் கேட்கவில்லை. "நான் செவ்வாய்க்கிழமை தோறும் குழுக் கூட்டத்துல செய்யறத, ரெண்டு வருஷம் கிளாஸ்ல உக்காந்து இன்னொருத்தர் சொல்லிக் கேக்கணுமா மாமா? போனா தூரமாத்தான் போகணும்" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அவள் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. மூன்று இடங்களையும் விட்டுவிட்டாள். அதே தொண்டு நிறுவனத்தில் தொடர்கிறாள், எம்ஐடியின் முதல் பாடத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். புள்ளியியலில் முதல் வாரப் பயிற்சியில் நாற்பது மதிப்பெண் வந்ததாகச் சொன்னாள்.

செவனிங்குக்கு ஆகஸ்டில் திறப்பார்கள். எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளில் பெரும்பாலானவை ஜனவரியை ஒட்டி மூடும். செவனிங்குக்கான தலைமைப் பண்பு பற்றிய கட்டுரையில் வேடசந்தூர் பக்கத்துக் குழு ஒன்றில் நடந்த கடன் தகராறை எழுதியிருக்கிறாள். மூன்றாவது வரைவு நேற்று வந்தது. தகராறைத் தானே தீர்த்து வைத்ததாக எழுதியிருந்தாள். உண்மையில் தீர்த்தது யார் என்று கேட்டுப் பதில் அனுப்பியிருக்கிறேன்.